பிரயோஜனம் என்ன?

பெரியம்மாவுக்கு 83 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து ஜன்னலோரக் கட்டில்தான் அவருடைய உலகம். ஒரு காலத்தில் இருபது பேருக்குத் தனியாளாகச் சமைத்துப் போட்டவர். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே திடீரென்று கேட்டார்.

"நான் இருந்து யாருக்குடா என்ன பிரயோஜனம்?"

இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதைத்தான் நானும் சொன்னேன். "அப்படியெல்லாம் பேசாதீங்க பெரியம்மா. நீங்க இருக்கறதே எங்களுக்குப் பெரிய பலம்." அவர் சிரித்தார். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட சின்னப் பையனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. நான் வாட்சைப் பார்த்தேன். கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிரயோஜனம் இல்லாத மனிதர் என்று ஒருவர் இருக்க முடியுமா? இருந்தால், அந்த வாழ்க்கைக்கு மதிப்பு உண்டா, இல்லையா?

இதே கேள்வியை ஒரு கூட்டம் பெண்களைப் பார்த்து உலகம் பல நூறு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ராஜாக்கள் கேட்டார்கள். புரட்சிக்காரர்கள் கேட்டார்கள். சொந்த மாமா, சித்தப்பாக்கள் கேட்டார்கள். அந்தப் பெண்களின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு பெரியம்மாவிடம் திரும்பி வரலாம்.

தெரசா என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை, சுருக்கம் விழுந்த முகம், கல்கத்தா. சரிதான். ஆனால் தெரசா என்பது அன்னை தெரசாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. துறவியானபோது அவரே தேர்ந்தெடுத்துக்கொண்ட பெயர். சாக்கடையோரத்தில் கிடந்தவர்களைத் தூக்கிக் கழுவிய அந்தப் பெண்மணி யாருடைய பெயரைத் தேர்ந்தெடுத்தார், தெரியுமா? பிரான்சில் லிசியே என்ற சின்ன ஊரில், ஒரு மடத்துக் கதவுக்குப் பின்னால் போய், சாகும்வரை வெளியே வராத ஒரு பெண்ணின் பெயரை.

லிசியே தெரசா. நம் ஊர் கிறிஸ்தவ வீடுகளில் 'சிறுமலர்' என்பார்கள். கையில் ரோஜாவோடு படம் பார்த்திருப்பீர்கள். 1888-ல், 15 வயதில் உள்ளே போனார். 1897-ல், 24 வயதில் காசநோயில் இறந்தார். நடுவில் ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்தில் அவர் செய்தது என்ன? துணி துவைத்தார். சாப்பாட்டுக்கூடத்தைப் பெருக்கினார். பூசைக்கான பொருட்களைத் தயார்செய்தார். புதிதாக வந்த பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிரார்த்தனை செய்தார். அவ்வளவுதான்.

ஒரு மடத்தில் சகோதரி ஒருவர் இறந்தால், அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி மற்ற கார்மேல் மடங்களுக்கு அனுப்புவது வழக்கம். தெரசா படுத்த படுக்கையாக இருந்தபோது, கூட இருந்த ஒரு சகோதரியே கவலைப்பட்டாராம். இந்தப் பெண் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் செய்யவில்லையே, நம் தலைவி இவரைப் பற்றி என்னதான் எழுதப்போகிறார் என்று!

பிரயோஜனக் கேள்வி மடத்துச் சுவருக்கு உள்ளேயே எழுந்துவிட்டது, பாருங்கள்.

தலைவி சொன்னதற்காகத் தெரசா எழுதிவைத்திருந்த நோட்டுப் புத்தகங்கள் 1898-ல் அச்சாகி, உலகமெல்லாம் பரவியது தனிக்கதை. 1925-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். 1927-ல் போப்பாண்டவர் இன்னொரு காரியம் செய்தார். தூரதேசம் போய் ஊழியம் செய்கிறவர்களுக்கெல்லாம் பாதுகாவலர்கள் என்று இரண்டு பேரை அறிவித்தார். ஒருவர் புனித சவேரியார். நம்ம முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மீனவர் கிராமம் கிராமமாக நடந்தாரே, அவர். இன்னொருவர் இந்த லிசியே பெண். உலகம் சுற்றியவருக்குப் பக்கத்தில், வாசல் தாண்டாதவளுக்கு நாற்காலி!

இதைப் படித்ததும் 'ஓ, அப்படியானால் அவர் பிரயோஜனமானவர்தான்' என்று நிம்மதியடையத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது ஏமாற்று வேலை. நோட்டுப் புத்தகம் அச்சாகாமல் போயிருந்தால்? அதே மடத்தில் அவரோடு இருபதுக்கு மேற்பட்ட சகோதரிகள் இருந்தார்கள். அதே தண்ணீரில் துணி துவைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேள்வி அவர்களைப் பற்றித்தான்.

உள்ளே என்னதான் நடக்கிறது? விடிவதற்கு முன்பே மணி அடிக்கும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மௌனப் பிரார்த்தனை. நாள் முழுக்கக் குறித்த நேரங்களில் கோயிலில் கூடி சங்கீதங்களைப் பாடுவது. திருப்பலி. நடுநடுவே கைவேலை. தையல், தோட்டம், பூசைக்கான அப்பம் செய்வது. மாமிசம் கிடையாது. செப்டம்பர் நடுவிலிருந்து ஈஸ்டர் வரை விரதகாலம். பார்க்க வருகிறவர்களோடு பேச ஒரு அறை, அதில் நடுவே கிராதி. வெளியிலிருந்து சாமான் வாங்க, சுவரில் பதித்த ஒரு சுழலும் மரப்பெட்டி. இந்தப் பக்கம் வைத்துச் சுழற்றினால் அந்தப் பக்கம் போய்விடும். கொடுத்தவர் முகம் தெரியாது, வாங்கினவர் முகமும் தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் தினமும் இரண்டு வேளை, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு அரட்டை அடித்தே ஆகவேண்டும். ஆமாம், சட்டமே அப்படித்தான். மௌனம் எப்படிக் கட்டாயமோ, சிரிப்பும் அப்படிக் கட்டாயம்.

இப்படி ஒரு சட்டத்தை யார் போட்டிருப்பார்? அதற்கு மூன்றாவது தெரசாவிடம் போகவேண்டும். உண்மையில் அவர்தான் முதலாவது. ஸ்பெயினில் அவிலா நகரத்துத் தெரசா. பிறந்தது 1515.

பணக்கார வீட்டுப் பெண். அழகி, பேச்சுக்காரி, வீரதீரக் கதைப் புத்தகப் பைத்தியம். அந்தப் பைத்தியம் அம்மாவிடமிருந்து வந்தது. அந்த அம்மா இளவயதில் கல்யாணமாகி, வரிசையாகப் பிள்ளை பெற்று, முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயதிலேயே செத்துப்போனார். அப்போது தெரசாவுக்கு வயது 13. கல்யாணம் என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது.

இன்னொரு ரகசியமும் அந்தக் குடும்பத்தில் உண்டு. தாத்தா யூதராக இருந்து கிறிஸ்தவரானவர். ரகசியமாகப் பழைய மதத்தைப் பின்பற்றினார் என்று 1485-ல் மத விசாரணை மன்றம் அவரை தொலேதோ நகரத்தில், அவமானச் சட்டை மாட்டி, கோயில் கோயிலாக ஊர்வலம் நடத்தியது. குடும்பம் அவிலாவுக்கு இடம்பெயர்ந்து, பிரபு வம்சம் மாதிரி வாழ ஆரம்பித்தது. 'சுத்த ரத்தம்' உள்ளவனுக்குத்தான் மரியாதை என்றிருந்த தேசம் அது. தெரசா ஒருநாளும் இதை எழுதவில்லை. 1940களில் பழைய வழக்குக் காகிதங்கள் வெளியான பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது.

1535-ல் அவிலாவின் பெரிய கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கே நூற்றுக்கும் அதிகமான பெண்கள். பணக்கார வீட்டுப் பெண்களுக்குத் தனி அறைகள், வேலைக்காரி, பெயருக்கு முன்னால் 'தோன்யா' என்ற மரியாதைப் பட்டம். ஏழைப் பெண்களுக்குப் பொதுக் கூடத்தில் படுக்கை. வெளியே இருந்த உயர்வு தாழ்வு அப்படியே உள்ளே குடிவந்திருந்தது. முன்கூடத்தில் எப்போதும் விருந்தாளிகள், ஊர் வம்பு. தெரசாவும் அதில் இருபது வருடம் சந்தோஷமாகவே கலந்துகொண்டார். பிறகு மெல்ல மெல்ல மூச்சு முட்ட ஆரம்பித்தது.

1562 ஆகஸ்ட் 24. ஒரு சின்ன வீட்டில், நாலே நாலு பெண்களோடு புது மடத்தை ஆரம்பித்தார். புனித சூசையப்பர் மடம். பதின்மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்று நினைத்தார். பிற்பாடு அந்த எண்ணிக்கை இருபத்தொன்று ஆயிற்று. 'தோன்யா' கிடையாது, எல்லோரும் சகோதரிதான். தலைவியும் முறைவைத்துக் கூட்டிப் பெருக்கவேண்டும். நல்ல ரத்தமா, கெட்ட ரத்தமா என்று விசாரிக்க மாட்டோம். கொண்டுவரப் பணம் இல்லை என்பதற்காக, தகுதியான பெண்ணைத் திருப்பி அனுப்ப மாட்டோம். சணல் செருப்பு. அதனால்தான் 'காலணி அணியாத கார்மேல்' என்று பெயர். தலைவியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை ரகசிய ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவேண்டும். அந்த நாளில் ஒரு பெண் தன்னை ஆளப்போகிறவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த இடம் வேறு எத்தனை இருந்திருக்கும்?

ஊர் கொதித்தது. சொத்து, வருமானம் எதுவும் இல்லாத மடம். நாளைக்கு இவர்களுக்கு யார் சோறு போடுவது என்று நகரசபையே வழக்குப் போட்டது. தெரசா அசரவில்லை. நூல் நூற்றுப் பிழைப்போம், கிடைப்பதைச் சாப்பிடுவோம் என்றார். அடுத்த இருபது வருடத்தில், கோவேறு கழுதை வண்டியில் ஸ்பெயின் முழுக்க அலைந்து, மொத்தம் 17 மடங்கள் நிறுவினார். ஊர் சுற்றும் அடங்காப்பிடாரி என்று போப்பாண்டவரின் தூதரே அவரைத் திட்டினார். அடைபட்ட வாழ்க்கைக்குச் சட்டம் எழுதியவர் வாழ்ந்ததோ தெருவில்! 1582 அக்டோபர் 4-ம் தேதி இரவு இறந்தார். மறுநாள் அடக்கம். அது அக்டோபர் 15-ம் தேதி. தப்பாக அச்சாகவில்லை. போப் கிரிகோரி காலண்டரைத் திருத்தி, பத்து நாளைக் கழித்த ராத்திரி அது.

இதையெல்லாம் சொன்னால் நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். "எல்லாம் சரி சார்... பெண்களை உள்ளே வைத்துப் பூட்டுவது ஒரு நல்ல விஷயமா?"

இல்லை. பூட்டுவது நல்ல விஷயம் இல்லை. அந்தக் கணக்கையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். கன்னியாஸ்திரீகள் எல்லோரும் அடைப்புக்குள்தான் இருக்கவேண்டும் என்று 1298-ல் சட்டம் போட்டவர் போப் எட்டாம் போனிஃபாஸ். 1563-ல் அதை மறுபடி இறுக்கிய திரெந்து சங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அந்தப் பெண்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அதைவிடக் கொடுமை வெனிஸில் நடந்தது. அங்கே வரதட்சணை விஷம் மாதிரி ஏறிக்கொண்டே போனது. ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற காசில் நாலு பெண்ணை மடத்தில் தள்ளிவிடலாம். தள்ளினார்கள். பிரபு குடும்பத்துப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மடங்களில் இருந்த காலம் உண்டு. அப்படித் தள்ளப்பட்ட ஒருவர் ஆர்காஞ்செலா தாராபோத்தி. 1604-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே உள்ளே போட்டுவிட்டார்கள். கால் ஊனம் வேறு. கல்யாணச் சந்தையில் விலை போகாது என்று அப்பா முடிவுகட்டியிருப்பார். அவர் சும்மா இருக்கவில்லை. 'அப்பாக்களின் கொடுங்கோன்மை' என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1654-ல் வேறு தலைப்பில் அது அச்சானது. திருச்சபை அதைத் தடைசெய்தது.

இத்தனைக்கும், பெண்ணைக் கட்டாயப்படுத்தி மடத்தில் சேர்ப்பவர் சபைக்கு வெளியே தள்ளப்படுவார் என்று அதே திரெந்து சங்கம் சட்டம் போட்டிருந்தது. சட்டம் இருந்தது. வரதட்சணையும் இருந்தது. எது ஜெயிக்கும் என்று நமக்குத் தெரியாததா?

ஆக, ஒரே மாதிரிச் சுவர், ஒரே மாதிரிக் கிராதி. அவிலாவில் அது விடுதலை, வெனிஸில் அது ஜெயில். வித்தியாசம் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதில்தான். இன்றைக்குத் திருச்சபையே உஷாராகிவிட்டது. 2018-ல் வந்த விதிப்படி, மடத்தில் சேரும் பெண் குறைந்தது ஒன்பது வருடம் உள்ளே இருந்து பார்த்த பிறகுதான் நிரந்தர வார்த்தைப்பாடு கொடுக்க முடியும். கல்யாணத்துக்கு முன்னால் நம் வீடுகளில் கொடுக்கிற அவகாசத்தை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அடுத்த கட்டத்துக்கு வருவோம். ஆஸ்திரியாவில் இரண்டாம் ஜோசப் என்று ஒரு சக்கரவர்த்தி இருந்தார். கெட்டவர் இல்லை. பண்ணையடிமைகளுக்கு விடுதலை கொடுத்தவர். மற்ற மதத்தினர் கும்பிட உரிமை கொடுத்தவர். வியன்னாவில் மாபெரும் பொது ஆஸ்பத்திரி கட்டியவர். எதையும் 'இதனால் மக்களுக்கு என்ன பிரயோஜனம்?' என்று கேட்கிற மனிதர். 1782-ல் அந்த அளவுகோலை மடங்களின் மேல் வைத்தார். பள்ளிக்கூடம் நடத்துகிறாயா? நோயாளியைப் பார்க்கிறாயா? இல்லையா? வெறும் பிரார்த்தனைதானா? அப்படியென்றால் மூடு. கார்மேல், கிளாரா சபை என்று நூற்றுக்கணக்கான மடங்கள் காலியாயின. அந்தச் சொத்தை வைத்துப் புதிய பங்குக் கோயில்கள் கட்டினார்கள்.

நியாயமாகத்தானே படுகிறது? எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஊரில் பசி இருக்கும்போது, நோய் இருக்கும்போது, கைகால் திடமான பெண்கள் சுவருக்குள் சங்கீதம் பாடுவதா?

அப்புறம் பிரான்ஸ். 1789-ல் புரட்சி. 1790 பிப்ரவரியில், துறவற வார்த்தைப்பாடுகளைச் சட்டம் இனி ஏற்காது என்று அறிவித்தார்கள். மதம் பெண்களை அடைத்துவைத்திருக்கிறது, நாம் போய்த் திறந்துவிடுவோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். கொம்பியேன் என்ற ஊரின் கார்மேல் மடத்துக்கும் ஆகஸ்டில் அதிகாரிகள் வந்தார்கள். ஒவ்வொரு சகோதரியையும் தனியாகக் கூப்பிட்டு, பயப்படாமல் சொல்லச் சொன்னார்கள். வெளியே போக விருப்பமா? பென்ஷன் உண்டு. கதவு திறந்திருக்கிறது.

ஒருவர்கூடப் போகவில்லை.

அந்த மடத்தில் கான்ஸ்டன்ஸ் என்று ஒரு பெண். பயிற்சி முடிந்து வார்த்தைப்பாடு கொடுக்கவேண்டிய நேரத்தில் தடை வந்துவிட்டது. சட்டப்படி அவர் துறவியே இல்லை. வீட்டார் வந்து கூப்பிட்டார்கள். போகமாட்டேன் என்றுவிட்டார்.

1792 செப்டம்பரில் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். சாதாரண உடையில், ஊருக்குள் சிறு சிறு வீடுகளில் பிரிந்து வாழ்ந்துகொண்டே, அதே மணி நேரங்களில் அதே பிரார்த்தனையைத் தொடர்ந்தார்கள். 1794 ஜூனில் கைது. பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். ஜூலை 17 அன்று விசாரணை, அன்றைக்கே தண்டனை. மதவெறி, சதி என்று குற்றச்சாட்டு. மொத்தம் 16 பேர். அதில் இரண்டு பேர் மடத்துக்கு வாசல் வேலை, கடை வேலை பார்த்த அக்கா தங்கைகள். மூத்தவர்களுக்கு வயது 78. வண்டியில் போகும்போதும் பாடிக்கொண்டே போனார்கள். முதலில் படியேறியது கான்ஸ்டன்ஸ். தலைவி, மற்ற எல்லோரையும் ஒவ்வொருவராக அனுப்பிவிட்டுக் கடைசியில் ஏறினார். பத்தே நாளில் ரோபஸ்பியர் கவிழ்ந்தார்.

அந்த நேரத்தில் கொம்பியேன் சிறையில் இங்கிலாந்தைச் சேர்ந்த சில கன்னியாஸ்திரீகளும் இருந்தார்கள். 1795-ல் விடுதலையாகி ஊர் திரும்பும்போது மாற்றுடை இல்லை. கார்மேல் சகோதரிகள் விட்டுச்சென்ற பழைய உடுப்புகளைத்தான் போட்டுக்கொண்டு கப்பலேறினார்கள். 2024 டிசம்பரில் போப் பிரான்சிஸ் அந்தப் 16 பேரையும் புனிதர்களாக அறிவித்தார்.

இவர்கள் செத்த விதத்துக்காக இந்தக் கதையை நான் சொல்லவில்லை. 1790-ல் அந்த அதிகாரிகள் கேட்ட கேள்விக்காகச் சொல்கிறேன். வெனிஸ் அப்பாக்கள் பெண்ணைக் கேட்கவே இல்லை. பிரான்ஸ் அதிகாரிகள் கேட்டார்கள், அது பெரிய முன்னேற்றம். ஆனால் வந்த பதில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காத பதில் வந்தவுடன், கேட்டதையே மறந்துவிட்டார்கள். ஒரு பெண்ணுக்குச் சுதந்திரம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, நான் நினைத்ததைத்தான் அவள் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றால் அதற்குப் பெயர் சுதந்திரம் இல்லை. வீட்டில் மகளிடம் 'உன் இஷ்டம்மா' என்று சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற அப்பாக்கள் நம்மில் எத்தனை பேர்!

சரி, பிரயோஜனத்துக்கு வருவோம்.

பிரார்த்தனை பலிக்குமா, பலிக்காதா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. நம்புகிறவர்களுக்கு அந்தப் பெண்கள் உலகத்துக்காக ராப்பகலாக வேலை பார்க்கிறவர்கள். நம்பாதவர்கள் 'வேஸ்ட்' என்பார்கள். நம்பாதவர்கள் பக்கம் நின்றே பேசுவோம். வேஸ்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நாலு மணி நேரம் செல்போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நம்மை யாரும் வந்து 'மடத்தை மூடு' என்று சொல்வதில்லையே, ஏன்? ஏனென்றால், மிச்ச நேரத்தில் நாம் சம்பாதிக்கிறோம். சம்பாதிக்கிறவன் வீணடித்தால் அது ஓய்வு. சம்பாதிக்காதவர் சும்மா இருந்தால் அது தண்டம்.

இங்கேதான் சிக்கல். 'என்ன பிரயோஜனம்?' என்பது அருமையான கேள்வி. மிக்ஸி வாங்கும்போது கேட்கலாம். அரசாங்கம் பாலம் கட்டும்போது கட்டாயம் கேட்கலாம். ஜோசப் சக்கரவர்த்தி ஆஸ்பத்திரி கட்டியது அந்தக் கேள்வியால்தான். ஆனால் அதே கேள்வியை ஒரு மனுஷியைப் பார்த்துக் கேட்டால், அவர் முதுகில் காலாவதி தேதி அச்சடித்துவிடுகிறோம். உழைக்கும்வரை மதிப்பு. சமைக்கும்வரை மதிப்பு. அப்புறம்? அந்த அளவுகோல் மடத்து வாசலோடு நிற்காது. ஜன்னலோரக் கட்டில்வரை வரும். ஒருநாள் நம் கட்டிலுக்கும் வரும்.

யோசித்துப் பாருங்கள். ஒரு சின்ன அறை. நாலு சாமான். தினமும் அதே முகங்கள். வெளியே போக முடியாது. நீளமான மௌனம். இது கார்மேல் மடமா, 83 வயதா? நம் எல்லோருக்கும் 80-ல் தானாக வந்து சேரப்போவதை, அந்தப் பெண்கள் 20-ல் தேடிப்போய் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் பறிபோன பிறகு மனுஷரிடம் என்ன மிஞ்சுகிறது என்று, பறிபோவதற்கு முன்பே பார்த்துவிடத் துணிகிறார்கள். ஏதோ மிஞ்சுகிறது என்பதற்கு அந்த வாழ்க்கையே சாட்சி. கதவு திறந்திருந்தும் ஒருவர்கூடப் போகாத கொம்பியேனும் சாட்சி.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பெரியம்மா தேர்ந்தெடுக்கவில்லை. 'பெரியம்மா, நீங்களும் ஒரு துறவி மாதிரிதான்' என்று நான் போய்ச் சொன்னால், அதுவும் ஆரஞ்சுப் பழத்தோடு கொடுக்கிற இன்னொரு பொய்தான்.

இரண்டாவது வித்தியாசத்தைத்தான் நான் தாமதமாகக் கவனித்தேன். அவிலா தெரசா தன் பெண்களைத் தனியாக விட்டுவிடவில்லை. பதின்மூன்று பேர் போதும் என்றாரே, ஒருவர் போதும் என்று சொல்லவில்லை. மணி நேரக்கணக்காக மௌனத்தை வைத்தவர், கூடவே வட்டமாக உட்கார்ந்து சிரிப்பதையும் வைத்தார். பண்டிகை நாளில் தானே கஞ்சிரா மாதிரி ஒன்றை எடுத்துத் தட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார். அடுப்படி வேலையில் இருப்பவர், நம்மைக் கடவுள் மறந்துவிட்டார் என்று வருத்தப்படவேண்டாம், அவர் அங்கேயும் இருக்கிறார் என்று தேற்றியிருக்கிறார். ஒரு மனுஷி பிரயோஜனம் இல்லாமல் வாழ்ந்துவிட முடியும். யாரும் இல்லாமல் வாழ்வது கஷ்டம் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது.

கல்கத்தாத் தெரசாவுக்கும் தெரிந்திருக்கிறது. தெருவில் இறங்கி வேலை செய்வதற்கென்றே சபை ஆரம்பித்தவர், 1976-ல் அதிலேயே இன்னொரு கிளை தொடங்கினார். நாளின் பெரும்பகுதியைப் பிரார்த்தனையில் கழிக்கிற சகோதரிகளுக்கான கிளை. ஓடுகிற கைகளுக்குப் பக்கத்தில், சும்மா இருக்கிற கைகளுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். வாசல் தாண்டாத பெண்ணின் பெயரை வைத்துக்கொண்டவர் ஆயிற்றே!

பெரியம்மா கேட்டது தத்துவக் கேள்வி என்று நினைத்து நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் பதில் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. "நீங்க எங்களுக்குப் பலம்" என்று நான் சொன்னதில் தப்பு இல்லை. சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தேனே, அதுதான் அவர் கேள்விக்கு நான் கொடுத்த நிஜமான பதில். அதைப் பார்த்துத்தான் அவர் சிரித்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். வாட்சைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டேன். உட்கார்ந்தேன். ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நீலச் சட்டை மூணு நாளாகக் காய்கிறது, எடுக்க ஆள் இல்லை போலிருக்கிறது என்றார். ஊரில் எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடியைப் பற்றி ஏதோ சொன்னார். ரெண்டு பேரும் சிரித்தோம். இருட்டிவிட்டது.

"என்னடா, உனக்கு வேலை ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல பெரியம்மா" என்றேன்.

"அப்ப இரு" என்றார்.